பழைய டிரம்முக்குப் புது வண்ணம்... பிரஷ்ஷை எடுக்கும் முன் ஒரு கேள்வி!

மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒன்று, மோட்டார் கொட்டாய் பக்கத்தில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நீல பிளாஸ்டிக் டிரம் இல்லாத விவசாய வீட்டைப் பார்ப்பது அபூர்வம். பேரல் என்றும் சொல்வோம். வெயிலில் வெளுத்து, சேறு தெறித்து, யார் கண்ணிலும் படாமல் மூலையில் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் எனாமல் பெயின்ட்டும் செலவழித்தால், அதையே வாசலில் வைத்துப் பார்க்கும்படி மாற்றிவிடலாம். வெள்ளைப் பூச்சு, காவிப் பட்டை, அதன் மேல் புள்ளிக்கோலம் என வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைதான்.

எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறோம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களைச் சுற்றி வாழும் நாம், பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். ‘இந்த டிரம் நம் வீட்டுக்கு வருவதற்கு முன் எதைச் சுமந்தது?’

மலிவாகக் கிடைக்கிறதே, ஏன்?

இயற்கை விவசாயம் பரவியதிலிருந்து 200 லிட்டர் டிரம்முக்குக் கிராக்கி கூடிவிட்டது. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்பதுதான் பலரும் பின்பற்றும் அளவு. அதைக் கலக்க டிரம் வேண்டும். பஞ்சகவ்யா, மீன் அமிலம், மாட்டுக்குத் தண்ணீர், கோழித் தீவனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரம் தேவைப்படுகிறது. புதிதாக வாங்கினால் விலை அதிகம். அதனால் காயலான் கடையிலோ, பழைய டிரம் விற்பவரிடமோ வாங்குகிறோம்.

பழைய டிரம் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். தோல் தொழில் நடக்கும் ஊரில், அது தோல் தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்க சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறார்கள். அடுத்து உப்பும், கந்தக அமிலம், ஃபார்மிக் அமிலம் போன்றவையும். பதனிடுவதற்கு குரோமிய உப்பு. பிறகு சாயம், தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவைகள், பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்க மருந்து, கடைசியில் மேற்பூச்சுக்கான ரசாயனங்கள். தூளாக இருப்பவை பெரும்பாலும் மூட்டையில் வரும். திரவமாக இருப்பவை கேன்களிலும் டிரம்களிலும் வரும்.

இந்த டிரம்களில் ஜீவாமிர்தம் கலக்கினால் என்ன ஆகும்? ஜீவாமிர்தத்தின் பலமே அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான். பூஞ்சாணக்கொல்லி இருந்த டிரம்மில் அதை ஊறவைத்தால், வெல்லமும் பயறு மாவும் கொடுத்து வளர்க்கும் உயிர்களை நாமே கொல்கிறோம். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாலோ, வீட்டுக்குக் குடிநீர் பிடித்தாலோ ஆபத்து இன்னும் நேரடியானது.

‘சோப்பு போட்டு நாலு தடவை கழுவிட்டா போதும்’ என்று விற்பவர் சொல்லலாம். அது எல்லா ரசாயனத்துக்கும் பொருந்தாது. தண்ணீரில் கரையும் உப்பு கழுவினால் போகும். கரைப்பான்கள், எண்ணெய்க் கலவைகள், சில மருந்துகள் போன்றவை பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறிவிடும். கழுவிய பிறகும் நாள்கணக்கில் கசியும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

நம் மாவட்டத்திலிருந்து போன வழக்கு

டிரம்மைப் பற்றிச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் பகுதியிலிருந்து போன ஒரு வழக்கிலேயே விடை இருக்கிறது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் கழிவு கெடுப்பதாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. குரோம் முறையில் தோல் பதனிட சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கும் அதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது பற்றி 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. நிலத்துக்குள் போன ரசாயனத்தை வெளியே எடுப்பது அவ்வளவு லேசல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1996 தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஒன்று, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். இரண்டாவது, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. கேடு வரும் என்று முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே தடுக்க வேண்டும். தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அந்தத் தொழிலைச் செய்பவருடையதுதான்.

இதை அப்படியே நம் டிரம்முக்கும் வைத்துக்கொள்ளலாம். ‘இது கெட்டது’ என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘இது நல்லது’ என்று விற்பவர் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்த டிரம் தண்ணீருக்கும் உணவுக்கும் தீவனத்துக்கும் ஆகாது.

டிரம்மை விசாரிப்பது எப்படி?

வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. லேபிள்: ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழிக்காமல் முழுவதும் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் போனில் படம் எடுத்து, படித்த பிள்ளைகளிடமோ வேளாண் அலுவலரிடமோ காட்டுங்கள். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரப் படம்: மண்டை ஓடு இருந்தால் கொடிய நஞ்சு. கையிலும் உலோகத்திலும் சொட்டு விழுவது போன்ற படம் இருந்தால் அரிக்கும் பொருள். செத்த மீனும் பட்ட மரமும் இருந்தால் நீர்நிலைக்குக் கேடு. நெருப்புப் படம் இருந்தால் தீப்பற்றும் பொருள். இவற்றில் எது இருந்தாலும் அந்த டிரம் வீட்டுக்கு வேண்டாம்.

3. அச்சில் வார்த்த எழுத்து: டிரம்மின் மேலேயோ அடியிலேயோ வட்டத்துக்குள் ‘யு.என்.’ என்ற ஆங்கில எழுத்துகளும், பக்கத்தில் 1எச்1 அல்லது 1எச்2 என்றும் இருக்கலாம். 1எச்1 என்றால் மேலே சிறு திருகுமூடிகள் மட்டும் கொண்ட பிளாஸ்டிக் டிரம். 1எச்2 என்றால் முழு மூடியும் திறக்கும் டிரம். ஆபத்தான பொருள்களைக் கொண்டுபோவதற்காகச் சோதித்துத் தயாரித்த டிரம் என்பது இந்த முத்திரையின் பொருள். இதிலே உணவுப் பொருளும் வந்திருக்கலாம். ஆனால் உறுதியாகத் தெரியும்வரை நம்ப வேண்டாம்.

4. முக்கோணத்துக்குள் 2: இதைப் பார்த்து ‘ஃபுட் கிரேடு’ என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மூடியைத் திறந்து மூக்கை வைத்து முகர்ந்து பார்க்க வேண்டாம். சோடியம் சல்பைடோடு அமிலம் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும், உயிரையும் எடுக்கும். இதே காரணத்தால், என்ன இருந்தது என்று தெரியாத இரண்டு டிரம்களின் மிச்சத்தை ஒன்றில் ஊற்றிக் கழுவவும் கூடாது.

நம்பி வாங்கக்கூடிய டிரம்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாம்பழக் கூழ் ஆலைகள், ஊறுகாய் நிறுவனங்கள், வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு வெள்ளரி (கெர்கின்) பதப்படுத்துவோர் ஆகியோரிடம் உணவுக்கான டிரம்கள் புழங்குகின்றன. மாம்பழக் கூழ் பெரும்பாலும் பைக்குள் அடைக்கப்பட்டு இரும்பு டிரம்மில் வைக்கப்படும். லேபிளோடு, நேராக அங்கிருந்தோ அவர்களிடம் எடுக்கும் வியாபாரியிடமோ வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை.

பெயின்ட் அடிப்போம் வாங்க!

டிரம்மின் பூர்வீகம் தெரிந்துவிட்டது. இப்போது வேலைக்கு வருவோம். 200 லிட்டர் டிரம்மின் வெளிப்பரப்பு சுமார் 2 சதுர மீட்டர்தான். வெள்ளை எனாமல் அரை லிட்டர், கறுப்பு 200 மில்லி, பட்டைக்கும் கோலத்துக்கும் வேண்டிய நிறங்களில் 50 அல்லது 100 மில்லி டப்பாக்கள் போதும். இவற்றோடு பிளாஸ்டிக் பிரைமர், உப்புத்தாள், இரண்டு பிரஷ், ஒட்டு டேப், கொஞ்சம் தின்னர்.

கழுவுதல்: வெளிப்பக்கம் சேறு, எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை துணி சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நிழலில் முழுவதும் காயட்டும்.

தேய்த்தல்: டிரம் பிளாஸ்டிக்கின் மேல் பெயின்ட் சாதாரணமாக ஒட்டாது. பல வீடுகளில் பூசிய மூன்றாம் மாதமே தோல் தோலாக உரிவதற்கு இதுதான் காரணம். 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். மூக்கை, வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடையுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் இருக்கக் கூடாது.

பிரைமர்: சுவருக்கும் இரும்புக்கும் பூசும் பிரைமர் இங்கே பிடிக்காது. கார் பம்பருக்குப் பூசும் பிளாஸ்டிக் பிரைமரை, வண்டி பெயின்ட் விற்கும் கடைகளில் கேளுங்கள். மெல்லிசாக ஒரு பூச்சு போதும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிடுங்கள்.

கறுப்பு முதலில், வெள்ளை பிறகு: தண்ணீர் டிரம்முக்கு இது ரொம்ப உபயோகமான முறை. வெளிச்சம் ஊடுருவும் டிரம்மில் பாசி பிடிக்கும். கறுப்புப் பூச்சு வெளிச்சத்தைத் தடுக்கும். ஆனால் கறுப்பை அப்படியே விட்டால் வெயிலை இழுத்துத் தண்ணீர் கொதிக்கும். அதனால் கறுப்பின் மேல் வெள்ளையை இரண்டு தடவை மெல்லிசாகப் பூசுங்கள். உள்ளே இருட்டாகவும் வெளியே குளுமையாகவும் இருக்கும். வெயில் நேராகப் படாததால் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் நொறுங்காது.

பட்டையும் கோலமும்: வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகு டேப் ஒட்டிப் பட்டை போடுங்கள். கோயில் சுவரைப் போலக் காவியும் வெள்ளையும் மாறி மாறிப் போட்டால் எடுப்பாக இருக்கும். புள்ளிக்கோலத்துக்குப் பிரஷ்ஷின் பின்முனையே போதும். பெயின்ட்டில் தொட்டு வைத்தால் ஒரே அளவுப் புள்ளி விழும். பூ, இலை, மயில் என்று அச்சு வேண்டுமானால், பழைய எக்ஸ்ரே தாளில் வரைந்து வெட்டி, டிரம்மோடு ஒட்டிவைத்துப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தோல் வெட்டுத் துண்டு கிடைத்தால் மூடிக்கு வெளிப்பக்கம் கைப்பிடி தைத்து மாட்டலாம். மிஞ்சும் துண்டுகளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். குரோம் பதனிட்ட தோல் எரிந்தால் அதிலுள்ள குரோமியம் இன்னும் நச்சான வகையாக மாற வாய்ப்புண்டு.

உள்ளே ஒரு சொட்டும் வேண்டாம்: உள்பக்கம், மூடியின் உள்விளிம்பு, திருகு மரை ஆகிய இடங்களில் பெயின்ட் படக் கூடாது. பூசி முடித்து ஒரு வாரம் காற்றாட வைத்த பிறகு புழக்கத்துக்கு எடுங்கள்.

இரும்பு டிரம் என்றால் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் எனாமல் அடிக்க வேண்டும். மூடிய இரும்பு டிரம்மை வெல்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. உள்ளே கரைப்பானின் ஆவி மிச்சமிருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வெட்டவே கூடாது.

நிறமே பெயர்ப்பலகை

வண்ணம் அழகுக்கு மட்டுமல்ல. வீட்டில் பெரியவர்களுக்குக் கண் மங்கியிருக்கும். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது. வேலைக்கு வருபவர்களுக்கு எந்த டிரம் எதற்கு என்று தெரியாது. ஆளுக்கொரு அர்த்தம் வராமல், வீடு முழுவதும் ஒரே நிறக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு:

- வெள்ளை உடம்பு, நீலப் பட்டை: குடிக்க, சமைக்க, மாட்டுக்கு வைக்கும் தண்ணீர். உணவுக்கான டிரம் அல்லது புது டிரம் மட்டும்.
- காவிப் பட்டை: விதை, தானியம், தீவனம். இதற்கும் அதே விதி.
- பச்சைப் பட்டை: ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா போன்ற கரைசல்கள். பூர்வீகம் தெரிந்த, நஞ்சில்லாத டிரம் மட்டும்.
- உடம்பு முழுக்கச் சிவப்பு: என்ன இருந்தது என்று தெரியாத டிரம்.

பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் என்றால் மிகக் கொடிய நஞ்சு என்று நமக்குப் பழக்கம்தான். அதே பழக்கம் இங்கேயும் உதவும்.

இதில் முக்கியமானது நாலாவதுதான். சந்தேகமான டிரம்முக்கு அழகாகக் கோலம் போட்டுவிட்டால் அதன் பழைய அடையாளம் மறைந்துபோகும். இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் அதிலே தண்ணீர் பிடிப்பார். கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போவார். பூசிய நமக்கே மறந்திருக்கும். ஆகவே, அடையாளம் தெரியாத டிரம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சிவப்பு அடித்து, ‘தண்ணீர், உணவு ஆகாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். தேங்காய் மட்டை, விறகு, பழைய இரும்பு, பிளாஸ்டிக் குப்பை போட்டு வைக்க அது போதும்.

கடையில் பெயின்ட் வாங்கும்போதும் ஒரு கவனம் தேவை. வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். பரணில் கிடக்கும் பல வருடத்துப் பழைய எனாமல் டப்பாவை, முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். குரோம் மஞ்சள் என்று சொல்லப்பட்ட பழைய நிறமியே ஈயமும் குரோமியமும் சேர்ந்ததுதான்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று வருடமாக ஒரு பழைய டிரம்மில்தான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறோம். மாடு நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். மாடு நன்றாக இருப்பதாகத் தெரிவது, உடம்பில் எதுவும் சேரவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. சிமென்ட் தொட்டி கட்டிக்கொள்வது நீண்டகாலத்துக்கு நல்லது.

கேள்வி: ரசாயன டிரம்மில் மண் நிரப்பிச் செடி வளர்க்கலாமா?

பதில்: கீரை, தக்காளி, கத்தரி, பப்பாளி என்று சாப்பிடும் எதையும் வைக்க வேண்டாம். அரளி, குரோட்டன்ஸ் வைப்பதானாலும், அடியிலிருந்து வடியும் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிரம்மைக் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

பதில்: உணவுக்கான டிரம் என்றால் தென்னைக்கு விடலாம். ரசாயன டிரம் என்றால் வீட்டில் கழுவாமல் இருப்பதுதான் சரி. கால்வாய், ஏரி, கிணறு, பாலாற்று மணல் என எங்கே ஊற்றினாலும் நம் தண்ணீருக்கே திரும்பி வரும். உள்ளே மிச்சம் இருந்தால் மூடியை இறுக்கி, விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பூச்சிமருந்து வந்த கேன்களுக்கும் பெயின்ட் அடித்துப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. காலியான பூச்சிமருந்துக் கலன்களை மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைத்து அப்புறப்படுத்த வேண்டும் என்பது பூச்சிமருந்து விதிகள் 1971-லேயே இருக்கிறது. ரசாயனம் வந்த சாக்கில் நிலக்கடலை, நெல் கட்டி வைப்பதும் இதே போன்ற தவறுதான்.

கேள்வி: தண்ணீர் டிரம்மில் கொசுப் புழு வருகிறது. என்ன செய்வது?

பதில்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவைத்து, டிரம்மைக் காலி செய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். மூடி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணியை வாயில் கட்டி ரப்பர் போடுங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியைத் திறந்து வைக்கவே கூடாது. கோலம் போட்ட டிரம் குழந்தையைக் கிட்டே இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.